சஃபோக் தேவாலயங்களுக்காக ஸ்பான்சர் நடை: போகலாமா, யாரிடம் காசு கேட்பது?

மழைக்கோட்டு | 19 ஆகஸ்ட் 2025, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் சஃபோக் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம், வந்து நாலு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி நேற்று ஒரு தாளோடு வந்து நின்றார். செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை, அதாவது 13ஆம் தேதி, 'ரைட் அண்ட் ஸ்ட்ரைட்' என்று ஒன்று நடக்குமாம். சைக்கிளிலோ நடந்தோ ஒரு நாளில் முடிந்த அளவு பழைய தேவாலயங்களுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். தெரிந்தவர்கள் 'ஒரு சர்ச்சுக்கு இவ்வளவு' என்றோ மொத்தமாகவோ காசு தருவார்கள். பாட்டி பல வருடமாக சைக்கிளில் போனவர். இந்த வருடம் முழங்கால் ஆபரேஷன். "எனக்குப் பதில் நீ நடக்கிறாயா?" என்று கேட்கிறார்.

நடக்க எனக்கு ஆசைதான். வாரம் மூன்று நாள் வேலை முடிந்து நடக்கிறவள் நான். தயக்கம் இரண்டு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை. வீட்டில் முருகன் படம்தான். இன்னொன்று, காசு கேட்பது. அலுவலகத்தில் யாராவது ஸ்பான்சர் தாளை நீட்டினால் நானே பாத்ரூம் பக்கம் நழுவுகிற ஆள்.

யாராவது போயிருக்கிறீர்களா?

---

யாழ்_நடையன் | 19 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

தங்கச்சி, காசு கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ. நான் லண்டன் ஹரோவில இருக்கிறன். எங்கட பழைய மாணவர் சங்கம் வருசா வருசம் நடைபவனி வைக்கும், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எண்டு. முதல் வருசம் நானும் உங்களை மாதிரித்தான். பிறகு ஒண்டு விளங்கிச்சு: சும்மா "தாங்கோ" எண்டு கேட்டால் சனம் ஆயிரம் கேள்வி கேக்கும். "நான் பத்து மைல் நடக்கப் போறன்" எண்டால் உடன "உன்னால ஏலுமோ?" எண்டு சிரிச்சுக்கொண்டு காசைத் தந்துவிடும். நீங்கள் மழையில நனையிறதைப் பாக்கத்தான் அவை காசு தருகினம்.

மற்றது, சர்ச் எண்டு ஏன் பயப்பிடுறீங்கள்? எங்கட ஊரில சர்ச்சையும் கோயில் எண்டுதான் சொல்லுறது. மாதா கோயில், அந்தோனியார் கோயில். நான் சைவம். மடு மாதா கோயிலுக்குப் போகாத வருசம் இல்லை.

---

தஞ்சாவூரான் | 20 ஆகஸ்ட் 2025, காலை 7.05

ஒரு எதிர்க்குரல். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கிலாந்து ஏழை நாடா? அவர்களுடைய பாரம்பரியக் கட்டடத்தை அவர்களுடைய அரசாங்கம் பார்க்கட்டுமே. நம்மூரில் அறநிலையத்துறையைத் திட்டுவோம், ஆனால் கோயில் என்றால் அரசுக்கு ஒரு பொறுப்பு உண்டு. அங்கே சர்ச் கூரை ஒழுகினால் ஒரு பாட்டி சைக்கிள் ஓட்டிக் காசு சேர்க்க வேண்டும், அவர் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் நடக்க வேண்டும்! நம்மிடமிருந்து எடுத்துப்போன பணமெல்லாம் எங்கே? அதை வைத்துக் கூரை வேயட்டும்.

நடப்பதற்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்பதும் புரியவில்லை. கொடுக்க நினைப்பவன் நேரடியாகக் கொடுக்கலாமே.

---

சுண்ணாம்பு | 20 ஆகஸ்ட் 2025, மதியம் 1.20

தஞ்சாவூரான் சார், கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸில் அரசையும் மதத்தையும் பிரித்த 1905 சட்டத்துக்கு முன் கட்டிய ஊர்ச் சர்ச்சுகள் உள்ளாட்சிக்குச் சொந்தம். ஓடு விழுந்தால் மேயர் பொறுப்பு. இங்கிலாந்தில் அப்படி இல்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறக்குறைய 16,000 சர்ச் கட்டடங்கள். அதில் சுமார் 12,500 சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. நாட்டின் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் கட்டடங்களில் கிட்டத்தட்ட பாதி இந்தச் சர்ச்சுகள்தான். இவற்றைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது தெரியுமா? அந்தந்த ஊர்ச் சபைக்குழுவுடையது. ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் வருகிற சபைக்கு, நானூறு பேர் உட்காரக்கூடிய 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

5 ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கட்டடக் கலைஞர் வந்து மேலிருந்து கீழ்வரை பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். 1955இலிருந்து இது விதி. நமக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, இதில் வாத்தியார் கையில் கலசத்துக்குப் பதில் ஈரமானி. அறிக்கை வந்த அன்று சர்ச் வார்டன் முகத்தைப் பார்க்க வேண்டும். கூரை ஈயத்தைத் திருடிக்கொண்டு போயிருப்பார்கள், மழைநீர்க் குழாயில் புறா கூடு கட்டியிருக்கும், எழுபதுகளில் யாரோ நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசியிருப்பார்கள். இந்தச் சிமென்ட்தான் என் ஜென்ம விரோதி. சஃபோக்கில் கட்டடக்கல் கிடையாது. சுவரெல்லாம் சிக்கிமுக்கிக் கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, பனிக்காலத்தில் உறைந்து, சாந்தை உதிர்த்துவிடும். நம்மூர்க் கோயில் சுவரில் மணல் பீய்ச்சிச் 'சுத்தம்' செய்தார்களே, அதே புத்தி.

அரசு ஒன்றுமே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. பழுதுபார்ப்புக்குக் கட்டும் 20 சதவீத வாட் வரியைத் திருப்பித் தரும் திட்டம் 2001இல் வந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுதான் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். கோபுரத்துக்குச் சாரம் கட்டினாலே பெரிய தொகை போய்விடும்.

பாட்டி சொல்லும் நடைக்கு வருவோம். சஃபோக்கின் பழைய தேவாலயங்களுக்கான அறக்கட்டளை 1982இல் சைக்கிள் பயணமாகத் தொடங்கியது இது. பிறகு மற்றக் கவுன்டிகளும் எடுத்துக்கொண்டன, நடப்பவர்களும் சேர்ந்தார்கள். வரும் காசில் பாதி கவுன்டி அறக்கட்டளைக்கு, மீதிப் பாதி நடப்பவர் விரும்பும் சர்ச்சுக்கு. அறக்கட்டளை அந்தப் பாதியை, கூரை ஒழுகும் வேறு சபைகளுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுக்கும். ஆள் இல்லாத ஊரின் கூரைக்கு ஆள் இருக்கிற ஊர்க்காரன் நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

---

தஞ்சாவூரான் | 20 ஆகஸ்ட் 2025, மாலை 6.31

விளக்கத்துக்கு நன்றி. பாதி ஒப்புக்கொள்கிறேன். கொள்ளைப் பணம் பற்றிப் பதிலே இல்லையே.

---

சுண்ணாம்பு | 20 ஆகஸ்ட் 2025, இரவு 8.02

அந்தக் கேள்வியைச் சரியான வாசலில் கேளுங்கள் சார். கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது 1600இல். சஃபோக்கின் பெரிய சர்ச்சுகள் பெரும்பாலும் 14, 15ஆம் நூற்றாண்டில் ஆட்டு ரோமமும் துணியும் விற்ற காசில் எழுந்தவை. தஞ்சாவூருக்கு எந்த வழி என்றே அந்த வியாபாரிகளுக்குத் தெரியாது.

பிரபுக்களின் மாளிகைகள் வேறு கதை. அப்படிப்பட்ட மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 2020இல் தானே ஓர் அறிக்கை வெளியிட்டது: அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்புள்ள தன்னுடைய 93 இடங்கள் எவை என்று. அதற்காக இங்கே வாங்கிய வசவு கொஞ்சமில்லை. வேல்ஸில் அவர்கள் பராமரிக்கும் போவிஸ் கோட்டைக்குப் போனால் கிளைவ் குடும்பம் கொண்டுவந்த திப்பு சுல்தான் பொருட்களைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். எனக்கும் அங்கே வயிறு எரிந்தது. அதற்காக சஃபோக்கில் இருக்கும் வென்ஹாஸ்டன் சர்ச் ஒழுகட்டும் என்று சொல்ல மனம் வரவில்லை.

---

கால்வலி | 21 ஆகஸ்ட் 2025, காலை 8.15

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஸ்பான்சர் நடை எல்லாமே நல்லது என்று முடிவுகட்டும் முன் என் அனுபவத்தையும் கேளுங்கள்.

இரண்டு வருடம் முன் அலுவலகக் கூட்டத்தோடு வட இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவர்ப் பாதையில் ஒரு பகுதி நடந்தேன். முழுப் பாதை 84 மைல், கிழக்கே வால்ஸெண்டிலிருந்து மேற்கே பௌனஸ் வரை. நாங்கள் ஒரு நாள் கூத்துதான். எழுபது பேர், ஒரே நிற பனியன், முன்னால் ஒருவர் ஒலிபெருக்கியோடு. காசு சேர்ந்தது ஒரு பாரம்பரிய அமைப்புக்குத்தான், பெயர் வேண்டாம். அது நவம்பர் மாதம். முந்தின வாரம் முழுக்க மழை.

ரோமர்கள் கி.பி. 122இல் எழுப்பத் தொடங்கிய சுவர் அது. நடைபாதை பெரும்பாலும் வெறும் புல்தரை. அந்தப் புல்லுக்கு அடியில் இன்னும் தோண்டாத தொல்லியல் எச்சங்கள் கிடக்கின்றன. ஈர மண்ணில் எழுபது பேர் நடந்தால் புல் பெயர்ந்து சேறாகும், சேற்றைச் சுற்றிப் போக ஆட்கள் ஒதுங்குவார்கள், பாதை அகலமாகும், மழைநீர் அதில் ஓடையாக ஓடும். இதற்காகவே அங்கே நடந்ததற்கு அடையாளமாக முத்திரை குத்தும் 'பாஸ்போர்ட்' அட்டை மே முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் அந்த ஆசையில் ஆள் வரக் கூடாது என்பதுதான் எண்ணம். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் பரவி நடங்கள் என்றும் சொல்கிறார்கள், ஒரே தடம் விழக் கூடாதாம். நாங்கள் என்ன செய்தோம்? எறும்பு மாதிரி ஒரே கோட்டில் போனோம். இரண்டு பேர் படம் எடுக்கச் சுவர் மேலேயே ஏறினார்கள்.

எதைக் காப்பாற்றக் காசு சேர்த்தோமோ அதை மிதித்தே காசு சேர்த்தோம். திரும்பும் வழியில் பஸ்ஸில் இதைச் சொன்னேன். "நெகட்டிவாகப் பேசாதே" என்றார்கள்.

---

யாழ்_நடையன் | 21 ஆகஸ்ட் 2025, காலை 9.50

இது நல்ல கதை அண்ணை. அப்ப வித்தியாசம் இதுதான் போல: உங்கட நடையில எழுபது பேரும் ஒரே இடத்தில. தங்கச்சி சொல்லுற நடையில ஆக்கள் கவுன்டி முழுக்கச் சிதறிப் போயினம். ஒரு சர்ச்சுக்குப் பகல் முழுக்க கொஞ்சப் பேர்தான் வருவினம்.

---

கால்வலி | 21 ஆகஸ்ட் 2025, காலை 10.22

அதேதான். தஞ்சாவூரான் கேட்ட "நடைக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம்" என்பதற்கும் இங்கேதான் எனக்குப் பதில் கிடைக்கிறது. எங்கள் நடையில் சம்பந்தமே இல்லை; அந்த 10 மைலை டிரெட்மில்லிலும் ஓடியிருக்கலாம். பாட்டியின் நடையில், நடப்பவர் ஒவ்வொரு கூரைக்குக் கீழேயும் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார். ஊருக்கு வந்து "அங்கே வாளி வைத்திருக்கிறார்கள்" என்று சொல்வார். சாட்சி மாதிரி.

---

கணக்குப்பிள்ளை | 22 ஆகஸ்ட் 2025, இரவு 11.03

தத்துவம் எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் காசு பேச வந்தேன். மழைக்கோட்டு அவர்களே, போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள், வருடா வருடம் நம்மவர்கள் கோட்டை விடும் இடம்.

கிஃப்ட் எய்ட். கொடுப்பவர் இங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால், அவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் அறக்கட்டளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அவருக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஆனால் தாளில் அவருடைய முழுப் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு எல்லாம் இருக்க வேண்டும், கட்டத்தில் டிக் வேண்டும். அலுவலக முகவரி எழுதினால் செல்லாது. 'திரு. & திருமதி' என்று ஜோடியாக எழுதினாலும் சரிவராது, ஒரு ஆள் ஒரு வரி. "ரவி அண்ணா, ஈஸ்ட்ஹாம்" என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பெரிய தப்பு வேறு. பத்துப் பேரிடம் ரொக்கமாக 10, 10 பவுண்டு வாங்கி, மொத்தம் 100ஐத் தன் கார்டில் ஆன்லைனில் கட்டி, தன் பெயரில் டிக் அடித்துவிடுவார்கள். கூடாது. அது உங்கள் காசு இல்லை. எத்தனையோ பேர் நல்ல மனதோடு இதைச் செய்கிறார்கள். ஒன்று, தாளில் பத்துப் பேரும் தனித்தனியாக எழுதட்டும். அல்லது அவரவர் போனிலேயே கட்டட்டும். ஆன்லைனில் கட்டும்போது தளத்துக்கு 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே நிரம்பியிருக்கலாம். வேண்டாம் என்றால் பூஜ்யமாக்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மாமா சொந்தக் கம்பெனிக் கணக்கிலிருந்து கொடுத்தால் கிஃப்ட் எய்ட் கிடையாது. வரி கட்டாத மாணவர்கள், வெளிநாட்டு உறவினர்கள் டிக் அடிக்கக் கூடாது.

---

மழைக்கோட்டு | 24 ஆகஸ்ட் 2025, மாலை 5.44

இவ்வளவு பதிலா! எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கணக்குப்பிள்ளை சார், உங்கள் பதிவை அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

பாட்டியிடம் "நான் கிறிஸ்தவள் இல்லையே" என்றேன். "நானும் சர்ச்சுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது, பூ அலங்காரத்துக்கு மட்டும் போவேன்" என்று சொல்லிச் சிரித்தார். பெயர் கொடுத்துவிட்டேன்.

ஒரு வழி யோசித்திருக்கிறோம்: வென்ஹாஸ்டன், ப்ளைத்பரோ, வால்பர்ஸ்விக், சவுத்வோல்ட். சுமார் 8 மைல். ஆரஞ்சு அட்டை ஓ.எஸ். (ஆர்ட்னன்ஸ் சர்வே, இங்கத்திய அரசு வரைபட நிறுவனம்) வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடு போகும் வயல்பாதைகளைப் பாட்டியே பேனாவால் குறித்துக் கொடுத்தார். சரியா, சுண்ணாம்பு சார்?

---

சுண்ணாம்பு | 24 ஆகஸ்ட் 2025, இரவு 9.30

பாட்டிக்கு ஒரு கும்பிடு. இதைவிட நல்ல வழி கிடையாது.

வென்ஹாஸ்டனில் மரப்பலகையில் தீட்டிய கடைசி நாள் தீர்ப்புக் காட்சி ஒன்று இருக்கிறது. மதச் சீர்திருத்தக் காலத்தில் அதன் மேல் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். 1892இல் சர்ச்சைப் புதுப்பித்தபோது, பழைய பலகை என்று எரிப்பதற்காகக் கல்லறைத் தோட்டத்தில் தூக்கிப் போட்டார்கள். அன்று இரவு மழை. காலையில் வெள்ளை கரைந்து முகங்கள் எட்டிப் பார்த்திருக்கின்றன. அரசனும் பிஷப்பும் உடம்பில் துணியில்லாமல், தலையில் கிரீடமும் பிஷப் தொப்பியும் மட்டும் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நடுவில் சிலுவையும் மரியாளும் யோவானும் செதுக்கிப் பொருத்தியிருந்த இடம் வெறும் நிழலாக இருக்கும். நரகத்தின் வாயை விடாமல் பாருங்கள்.

ப்ளைத்பரோவில் கூரையில் மரத் தேவதைகள், அவற்றின் மேல் குண்டுத் துளைகள். 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் கிராம்வெல் ஆட்கள் சுட்ட குண்டு என்று வழிகாட்டிகள் கதை விடுவார்கள். உண்மையில் சர்ச்சின் பழைய கணக்கில் காக்கை விரட்டத் துப்பாக்கி மருந்தும் ஈயக்குண்டும் வாங்கிய செலவு இருக்கிறது. வடக்குக் கதவில் கருகிய தழும்புகள். 1577இல் இடி விழுந்த நாளில் கருப்பு நாய் வடிவில் வந்த பேயின் நகக்கீறல் என்பது ஊர்க்கதை.

வால்பர்ஸ்விக்கில் பெரிய சர்ச் இடிபாடாக நிற்கும், அதன் ஒரு மூலையில் சின்ன சர்ச். பராமரிக்கக் கட்டுபடியாகாமல் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊரே சேர்ந்து பெரும்பகுதியைப் பிரித்துவிட்டது. காசு சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

---

மழைக்கோட்டு | 14 செப்டம்பர் 2025, காலை 11.15

வந்துவிட்டேன். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

காலை ஒன்பதரைக்கு வென்ஹாஸ்டனில் தொடங்கினேன். வாசலில் மேசை போட்டு ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் கையெழுத்து, ஒரு தம்ளர் ஆரஞ்சு ஸ்குவாஷ், இரண்டு பிஸ்கட். எல்லாச் சர்ச்சிலும் இதே உபசாரம். நாலாவது இடத்தில் பிஸ்கட்டைப் பார்த்தாலே போதும் என்றாகிவிட்டது. நரகத்தின் வாய் ஒரு பெரிய மீனின் வாய் மாதிரி இருக்கிறது, உள்ளே ஆட்களைச் சங்கிலியால் சுற்றி இழுக்கிறார்கள். கால் மணி நேரம் நின்றேன். தாத்தா, "உங்கள் ஊரிலும் நரகம் உண்டா?" என்று கேட்டார். "எண்ணெய்க் கொப்பரை உண்டு" என்றேன். விவரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ப்ளைத்பரோவில் தேவதைகளைப் பார்க்கக் கழுத்து வலித்தது. அங்கிருந்து சதுப்பு நிலத்தின் ஓரமாக நாணல் நடுவே போகும்போது மழை பிடித்துக்கொண்டது. பெயருக்கேற்ற மழைக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

வால்பர்ஸ்விக்கில் சுண்ணாம்பு சார் சொன்னபடி உட்கார்ந்தேன். ஜன்னல் இல்லாத ஜன்னல் வழியே மழை உள்ளே பெய்துகொண்டிருந்தது, அந்த இடத்தில் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது. சின்ன சர்ச்சில் ஒரு அம்மா, நான் நனைந்து வந்ததைப் பார்த்துத் துண்டு கொடுத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சிக்கல். சவுத்வோல்டுக்கு ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் வழியாகப் போனால் சுற்று. துறையில் துடுப்புப் படகு இருந்தது. ஏறிவிட்டேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சவுத்வோல்டில் பெரிய சர்ச்சும் மெதடிஸ்ட் சபையும் சேர்த்து மொத்தம் 5 கையெழுத்து. தாளில் 23 பேர், இதுவரை 214 பவுண்டு. முகவரி எல்லாம் வீட்டு முகவரி. பாதியை வென்ஹாஸ்டனுக்குப் போகச் சொல்லி எழுதினேன்; பாட்டியின் பூ அலங்காரம் அங்கேதான்.

---

யாழ்_நடையன் | 14 செப்டம்பர் 2025, மதியம் 12.08

சபாஷ் தங்கச்சி! கொப்புளத்தை ஊசியால குத்தாதேங்கோ. உப்புத் தண்ணியில காலை வையுங்கோ.

---

கால்வலி | 14 செப்டம்பர் 2025, மதியம் 12.40

படகு நடை ஆகாது. விதிமீறல்.

---

கணக்குப்பிள்ளை | 14 செப்டம்பர் 2025, மதியம் 1.15

சர்ச்சுக்கு இவ்வளவு என்றுதானே ஸ்பான்சர், மைலுக்கு இல்லையே. கணக்குப்படி செல்லும்.

---

தஞ்சாவூரான் | 14 செப்டம்பர் 2025, மாலை 7.50

அம்மா, ஆன்லைன் இணைப்பில் 9 பவுண்டு போட்டிருக்கிறேன். பத்து என்று வைத்திருந்தேன், படகுக்கு ஒன்று கழித்துவிட்டேன். கிஃப்ட் எய்ட் டிக் அடிக்கவில்லை, நான் தாம்பரத்தில் இருக்கிறேன்.

நம்மூர் வழக்கப்படி டியூப்லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதுவார்களா? வேண்டாம், அந்த மீன்வாய்ப் படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள்.